இருளில் நாற்பது கிலோமீட்டர்: போலந்தின் இரவுச் சிலுவைப்பாதை

கடுஞ்சிலுவைப்பாதை என்பது தவக்காலத்து வெள்ளியன்று மாலைத் திருப்பலி முடிந்த கையோடு கிளம்பி, விடியும்வரை பேச்சில்லாமல், காடும் வயலும் மலைச்சரிவுமாகக் குறைந்தது 40 கிலோமீட்டர் நடந்து முடிக்கும் ஒரு கத்தோலிக்க வழிபாடு. போலந்தின் தென்பகுதியிலுள்ள கிராக்கோவ் நகரில் 2009ஆம் ஆண்டு இது தொடங்கியது. தொடங்கியவர் யாசெக் ஸ்ட்ரிச்செக் என்ற குருவானவர். முதலில் நடந்தவர்கள் அவர் வழிநடத்திவந்த ஆண்கள் குழுவினர். 'நிஜத்தின் ஆண்பக்கம்' என்று பொருள்படும் பெயர் அக்குழுவுக்கு. பத்தே ஆண்டுகளில் நாடெங்கும் நூற்றுக்கணக்கான வழித்தடங்கள் உருவாகின. நடப்போர் தொகை பல்லாயிரமாகி, போலந்துக்காரர் குடியேறிய பிற நாடுகளுக்கும் வழக்கம் பரவியது.

கோயிலுக்குள் நடக்கும் சிலுவைப்பாதை தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு நன்கு பழகியது. சுவர்களில் மாட்டிய 14 நிலைகளின் முன் நின்று, முழந்தாளிட்டு, பாடி, ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். இந்த 14 என்ற எண்ணிக்கையை 1731இல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெண்ட் நிலைப்படுத்தினார். எருசலேமுக்குப் போக முடியாதவர்களுக்காக அந்நகரத்துத் தெருவையே ஊர்க்கோயிலுக்குள் கொண்டுவந்த ஏற்பாடு அது. கிராக்கோவ் இளைஞர்கள் செய்தது அதற்கு நேர் எதிர்: சுவரிலிருந்த நிலைகளை மறுபடி வெளியே எடுத்துச்சென்று, ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் இடைவெளியில், வழியோரச் சிலுவைகளிலும் சிற்றாலயங்களிலும் வைத்தார்கள்.

முதல் ஆண்டின் இலக்கு கல்வாரியா செப்ஷிடோவ்ஸ்கா. கிராக்கோவுக்குத் தென்மேற்கே, கார்பாத்திய மலையடிவாரத்தில் இருக்கும் திருத்தலம் அது. கிராக்கோவ் ஆளுநராக இருந்த மிக்கோவாய் செப்ஷிடோவ்ஸ்கி 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைக் கட்டுவித்தார். எருசலேமின் நில அமைப்பை அக்குன்றுகளில் அளந்து பதித்து, ஓடைக்குக் கெதரோன் என்று பெயர் சூட்டி, ஒலிவமலையையும் கொல்கொத்தாவையும் அந்தந்தத் திசையில் நிறுத்தினார்கள். 1999இல் யுனெஸ்கோ அதை உலக மரபிடமாக அறிவித்தது. பிற்காலத்தில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் என்று அறியப்பட்ட கரோல் வொய்த்திவா பக்கத்து ஊரான வாடோவிட்சேயில் பிறந்தவர். சிறுவயது முதலே இந்தக் குன்றுகளைச் சுற்றி நடந்தவர். ஆக, புதிய வழக்கத்தின் பாதை மிகப் பழைய ஒரு பாதையில்தான் போய் முடிகிறது. கிராக்கோவிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்தில் எட்டிவிடக்கூடிய ஊருக்கு இரவு முழுக்கச் சுற்றி நடப்பதில் புதுமை இருந்தது.

விதிகள் சிலவே. பாதை 40 கிலோமீட்டருக்குக் குறையக்கூடாது. ஏற்ற இறக்கம் மிகுந்த மலைப்பகுதியில் மட்டும் சற்றுக் குறையலாம். இரவில்தான் நடக்கவேண்டும். தனியாகவோ சிறு குழுவாகவோ போகலாம், ஆனால் அரட்டை கூடாது; பாட்டும் தின்பண்டமுமாக உலா போவதாகவும் ஆகிவிடக்கூடாது. ஒவ்வொரு நிலையிலும் நின்று, கையிலுள்ள சிறு நூலிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ அன்றைய தியானத்தை வாசித்து, மீண்டும் நடக்கவேண்டும். உடன் வந்து காப்பவர் எவருமில்லை, தண்ணீர்ப்பந்தலும் கிடையாது. வழி வரைபடத்தையும் ஜி.பி.எஸ். தடத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, தலைவிளக்கு, மாற்றுக் காலுறை, சூடான தேநீர், ரொட்டி ஆகியவற்றை அவரவரே சுமக்கிறார்கள். சிலர் தோளில் மரச்சிலுவையையும் சுமப்பதுண்டு. ஊருக்கு வெளியே இருட்டிய பின் நடப்பவர் ஒளி பிரதிபலிக்கும் பட்டை அணியவேண்டும் என்பது 2014 முதல் போலந்தின் சட்டமாகவே இருப்பதால் அதற்கும் விலக்கில்லை. வழி தவறினால் தானே தேடிக்கொள்ளவேண்டும். முடியாவிட்டால் வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லி வண்டி வரவழைத்துக்கொள்ளலாம். அப்படிப் பாதியில் நிறுத்துவோர் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

பெரும்பாலான பங்குகள் தேர்ந்தெடுக்கும் நாள் குருத்து ஞாயிறுக்கு முந்தைய வெள்ளி. இந்தத் தேர்வில் வானியல் சார்ந்த ஒரு விளைவும் ஒளிந்திருக்கிறது. இளவேனில் தொடக்கத்தை ஒட்டி வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறே உயிர்ப்புப் பெருவிழா. அதற்கு ஒன்பது நாள் முன்னதாக வரும் அந்த வெள்ளியன்று எப்போதும் வளர்பிறைதான். அந்தியில் நிலா ஏற்கெனவே உயர்ந்து நிற்கும். நள்ளிரவு தாண்டியோ பின்னிரவிலோ மறைந்துவிடும். எனவே முதல் பாதியில் ஓரளவு வெளிச்சம் துணைவர, உடல் சோர்ந்து மனம் தளரும் கடைசிச் சாமங்களில்தான் இருள் முழுமையாகிறது. யாரும் திட்டமிட்டு இப்படி அமைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் நடப்பவரின் அனுபவத்தை இந்த ஏற்பாடு பெரிதும் தீர்மானிக்கிறது.

உடலும் தன் பங்குக்கு அதே வேலையைச் செய்கிறது. மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர் வேகத்தில் நடந்து, 14 இடங்களில் நின்று போனால் 40 கிலோமீட்டருக்குப் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். பகலும் இரவும் சமமாக இருக்கும் அந்தப் பருவத்தில் அது ஏறத்தாழ முழு இரவு. கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகிறது. ஒரு முறை கைப்பேசித் திரையைப் பார்த்தால் அந்தப் பழக்கம் கலைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும். அதிகாலை நான்கு, ஐந்து மணிவாக்கில் உடலின் உள்வெப்பம் நாளின் மிகத் தாழ்ந்த நிலைக்கு இறங்கும். தூக்கம் அப்போதுதான் அதிகம் அழுத்தும். தசைகளில் சேமித்த மாவுச்சத்து குறைந்துபோயிருக்கும். தென்போலந்தில் மார்ச் மாத இரவு உறைநிலையை ஒட்டியே இருக்கும், பனிபெய்தாலும் வியப்பில்லை. பகலில் இதே தூரத்தை நடந்தவர் கால்வலியைப் பற்றிப் பேசுவார். இரவில் நடந்தவரோ, தன்னைப் பற்றித் தான் கட்டிவைத்திருந்த எண்ணங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்ததைப் பற்றிப் பேசுகிறார். எவ்வளவு தூரம் வந்தோம் என்று கண்ணுக்குத் தெரியாததும், பேசி ஆற்றிக்கொள்ள ஆளில்லாததுமே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

கிறித்தவத்தில் இரவு புதிதல்ல. விவிலியத்தின் முக்கியமான சந்திப்புகள் பல இருட்டில்தான் நிகழ்கின்றன. வானத்து விண்மீன்களை எண்ணிப் பார் என்று ஆபிரகாமுக்குச் சொல்லப்பட்டது வெட்டவெளியில். சாமுவேல் தன் பெயர் அழைக்கப்படுவதைக் கேட்டது இரவில். நிக்கதேம் இயேசுவைத் தேடி வந்ததும் இரவில். லூக்கா நற்செய்தியின்படி, பன்னிருவரைத் தேர்ந்தெடுப்பதற்கு முந்திய இரவு முழுவதையும் இயேசு மலையில் வேண்டுதலில் கழித்தார். இளைஞர் குழுக்களில் அதிகம் எடுத்தாளப்படும் கதை யாக்கோபுடையது. யாபோக்கு ஆற்றங்கரையில் தனித்து நின்று, முகம் தெரியாத ஒருவரோடு விடியும்வரை மல்லுக்கட்டி, தொடைச்சந்து விலகி, புதிய பெயரோடு நொண்டிக்கொண்டு எழுந்து வருகிறான். வெற்றி எது, காயம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத கதை. அதனாலேயே வீரத்தை எதிர்பார்த்து வரும் வாலிபனுக்குச் சொல்ல ஏற்றது.

இரவு நடையாகவே வழிபாடு செய்ததற்கான மிகப் பழைய நேரடிச் சாட்சியம் எகேரியா என்ற பெண்மணியுடையது. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்குத் திருப்பயணம் சென்ற அவர், புனித வியாழன் இரவை விவரித்திருக்கிறார். ஒலிவமலையில் இரவு முழுதும் பாட்டும் வாசகமும். பிறகு சிறு குழந்தைகள் உட்பட எல்லோரும் கால்நடையாக மலையிறங்குகிறார்கள். நோன்பாலும் கண்விழிப்பாலும் களைத்த கூட்டம் மெல்ல மெல்லக் கெத்சமனிக்கு வருகிறது. இருநூறுக்கு மேற்பட்ட மெழுகுதிரிகள் வழிகாட்டுகின்றன. நகர வாயிலை அடையும்போது ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியத் தொடங்குகிறது. அது ஊரே கூடிச் செய்த வழிபாடு. இளைஞருக்கென்றோ ஆண்களுக்கென்றோ தனியாக ஒதுக்கப்படவில்லை. ஏறத்தாழ அதே காலத்தில் எகிப்தின் பாலைவனத்தில் அர்சேனியுஸ் என்ற துறவி சனிக்கிழமை மாலை சூரியனுக்கு முதுகு காட்டி நின்று கைகளை உயர்த்தினால், மறுநாள் சூரியன் முகத்தில் படும்வரை அப்படியே நிற்பாராம். கூட்டம், தனிமை ஆகிய இரண்டு போக்குகளும் அப்போதே இருந்திருக்கின்றன.

இளம் ஆண் ஒருவனின் வாழ்க்கைத் திருப்பத்தோடு இரவு விழிப்பு பிணைந்தது மறவர் மரபில். படைக்கலம் ஏற்பதற்கு முந்திய இரவைக் கோயிலில் கண்விழித்துக் கழிப்பது ஐரோப்பிய வீரர்களின் வழக்கம். 1522 மார்ச் 24ஆம் நாள் இரவு, ஸ்பெயினின் மொன்செராத் மலைக்கோயிலில் இனிகோ என்ற முப்பது வயதுப் போர்வீரர் இந்த வழக்கத்தைத் தலைகீழாக்கினார். இரவு முழுதும் மாதாவின் பீடத்தின்முன் நின்றும் முழந்தாளிட்டும் கழித்துவிட்டு, வாளையும் குறுவாளையும் அங்கேயே விட்டுவிட்டுப் போனார். பின்னாளில் இயேசு சபையைத் தோற்றுவித்த லொயோலா இஞ்ஞாசியார் அவரே.

வெளிப்புற வாழ்க்கையால் இளைஞரின் பற்றுறுதியை வளர்க்கலாம் என்பது ஒரு திட்டமாக உருவெடுத்தது 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில். தொழில்நகரங்களுக்கு வந்து குவிந்த கடைப்பணியாளர்களும் எழுத்தர்களும் கோயிலிலிருந்து விலகிக்கொண்டிருந்தார்கள். துணிக்கடை ஊழியர் ஜார்ஜ் வில்லியம்ஸ் 1844இல் லண்டனில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. முதலில் வெறும் செபக்கூட்டமும் விவிலிய வகுப்புமாகத்தான் இருந்தது. விளையாட்டுக்கூடம் பின்னால் சேர்ந்தது. நல்ல கிறித்தவன் நல்ல உடற்கட்டும் உடையவனாக இருக்கவேண்டும் என்ற கருத்தைச் சார்லஸ் கிங்ஸ்லி, தாமஸ் ஹியூஸ் போன்ற எழுத்தாளர்கள் நாவல்களின் வழியே பரப்பினார்கள். கிளாஸ்கோவில் வில்லியம் ஸ்மித் 1883இல் நிறுவிய பாய்ஸ் பிரிகேட், 1886 முதல் சிறுவர்களைக் கூடாரமிட்டுத் தங்கவைத்தது. சாரணியத்தைத் தொடங்கிய பேடன் பவலின் 1907 பிரவுன்சீ தீவு முகாமில் இரவுக்காவல் ஒரு பாடமாகவே இருந்தது. சாரணியத்தைக் கத்தோலிக்க ஆன்மிகத்தோடு இழைத்தவர் பிரெஞ்சு இயேசு சபைக் குரு ஜாக் செவேன். 1920இல் அவர் உள்ளிட்டோர் தொடங்கிய பிரான்சின் கத்தோலிக்கச் சாரணர் இயக்கத்தில், வாக்குறுதிக்கு முந்திய இரவு விழிப்பாக மறவர் வழக்கம் மறுபிறவி எடுத்தது. இந்த வரலாற்றில் ஒரு நெருடலும் உண்டு. பேரரசுக்கு உடல்வலிமை வாய்ந்த இளைஞர் வேண்டும் என்ற அரசியல் தேவையும், ஆன்மாவுக்குப் பயிற்சி என்ற சமயப் பேச்சும் பிரிக்கமுடியாதபடி கலந்திருந்தன.

போலந்தில் கதை வேறு. அங்கே இளைஞரைக் காட்டுக்கு அழைத்துச் சென்றதற்குக் காரணம் பேரரசு அல்ல, கம்யூனிச அரசின் தடை. கோயிலுக்கு வெளியே குருக்கள் இளைஞர் குழு நடத்த அனுமதி இல்லை. கிராக்கோவில் இளம் குருவாக இருந்த வொய்த்திவா, 1950களில் மாணவ மாணவியரோடு மலையேறவும் படகோட்டவும் போனபோது அங்கி அணியவில்லை. மாணவர்கள் அவரை 'மாமா' என்றே அழைத்தார்கள், கேட்பவர் காதில் குரு என்ற சொல் விழக்கூடாது என்பதற்காக. கவிழ்த்துவைத்த படகே திருப்பலிப் பீடம். 1958 கோடையில் வடபோலந்தின் ஆறு ஒன்றில் அப்படிப் படகோட்டிக்கொண்டிருந்தபோதுதான் துணை ஆயர் பொறுப்புக்கு அவர் நியமிக்கப்பட்ட செய்தியும் அழைப்பும் வந்தன. வார்சாவுக்குப் போய் இசைவு தெரிவித்துவிட்டு, மறுபடி படகுக்கே திரும்பினார். அப்போது அவருக்கு வயது 38.

இன்னொருவர் பிரான்சிஷெக் பிளாக்நிட்ஸ்கி. இளமையில் சாரணர்; அவுஷ்விட்ஸ் முகாமில் அடைபட்டவர்; 1942இல் நாஜி நீதிமன்றம் மரணதண்டனை விதித்தபின் சிறைக்கொட்டடியில் நம்பிக்கைக்குத் திரும்பியவர். தண்டனை குறைக்கப்பட்டு உயிர்பிழைத்துக் குருவானார். மலைக்கிராமங்களில் பதினைந்து நாள் தங்கி விவிலியம், திருவழிபாடு, நடைப்பயணம் மூன்றையும் சேர்த்துப் பயிலும் 'ஒயாசிஸ்' முகாம்களை அவர் வளர்த்தெடுத்தார். ஒரு தலைமுறைக் கத்தோலிக்க இளைஞர் அங்கே உருவானார்கள். குருவும் இளைஞரும் மலையில் சந்திப்பது போலந்தில் இயல்பானதற்கு இந்த இருவரும் பெரிய காரணம்.

1989க்குப் பின் தடை நீங்கியது. மறைக்கல்வி பள்ளிக்கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. ஆனால் இளைஞர் விலகத் தொடங்கினார்கள். பியூ ஆய்வு மையம் 2018இல் வெளியிட்ட அறிக்கையின்படி, போலந்தில் வாரந்தோறும் வழிபாட்டுக்குப் போவோர் 40 வயதுக்கு மேற்பட்டோரில் 55 விழுக்காடு, அதற்குக் கீழ்ப்பட்டோரில் 26 விழுக்காடு. ஆய்வு நடந்த நாடுகளில் தலைமுறை இடைவெளி மிகப் பெரிதாகக் காணப்பட்டவற்றில் ஒன்று போலந்து. திருச்சபையே எடுக்கும் கணக்கெடுப்பில் ஞாயிறு திருப்பலி வருகை 2019இல் 36.9 விழுக்காடாகவும் தொற்றுக்காலமான 2021இல் 28.3 விழுக்காடாகவும் இருந்தது. இந்தப் பின்னணியில்தான் ஸ்ட்ரிச்செக்கின் முயற்சியைப் பார்க்கவேண்டும். ஏழைக் குடும்பங்களுக்குக் கிறிஸ்துமஸ் பொதி வழங்கும் பெரிய அறப்பணியைத் தொடங்கி நாடறிந்தவர் அவர். மாணவரோடும் தொழில்முனைவோரோடும் பழகியவர். சுகத்தை விட்டு வெளியேறு என்பது அவருடைய அழைப்பின் சாரம். தடைசெய்யப்பட்ட திருச்சபைக்குக் காடு மறைவிடமாக இருந்தது. தாராளமாகக் கிடைக்கும் திருச்சபைக்கோ அரிதான ஒன்றைச் செயற்கையாக உருவாக்கவேண்டியிருந்தது. அந்த அருமையை இரவும் தூரமும் தந்தன.

இந்த வழக்கம் இளைஞரைக் கவர்வதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் சாகசம். அது பாதி உண்மை. மலையேற்றமும் மாரத்தானும் தரும் சாகசத்துக்கு இதைவிட நல்ல வசதிகள் போலந்தில் உண்டு. கடுஞ்சிலுவைப்பாதையின் தனித்தன்மை அது விலக்கும் பொருள்களில் இருக்கிறது. போதிப்பவர் இல்லை, திருப்பலி முடிந்ததும் குருவும் மற்றவரைப்போல ஒரு நடைக்காரர் ஆகிவிடுகிறார். பார்ப்பவர் இல்லை, இருட்டில் யார் நொண்டுகிறார், யார் அழுகிறார் என்று தெரியாது. கேட்டுத் தலையாட்டவோ பதில்சொல்லி நல்லபெயர் எடுக்கவோ இடமில்லை. மறைக்கல்வி வகுப்பில் பன்னிரண்டு ஆண்டு உட்கார்ந்து எழுந்த இளைஞன் ஒருவனுக்கு, சமயத்தின் பெயரால் தன்னிடம் யாரும் பேசாத முதல் பத்து மணி நேரம் இதுவாக இருக்கலாம். ஆண்கள் உணர்ச்சியை வெளிக்காட்டத் தயங்குவதைப் பிழையாகக் கருதித் திருத்த முனையாமல், அந்தத் தயக்கத்தோடேயே செபிக்க இடம் தருகிறது இரவு. ஆண்கள் குழுவில் இது பிறந்ததன் பொருத்தம் இங்கேதான். இத்தேவை ஆண்களுக்கு மட்டும் உரியதல்ல என்பதும் விரைவிலேயே தெரிந்துவிட்டது; சில ஆண்டுகளில் பெண்களும் பெருமளவில் நடக்கத் தொடங்கினார்கள், வழக்கமும் எல்லோருக்கும் பொதுவாயிற்று.

மானிடவியலாளர்களிடம் இதற்கான விளக்கங்கள் உண்டு. விக்டர் டர்னரும் எடித் டர்னரும் 1978இல் எழுதிய கிறித்தவத் திருப்பயண ஆய்வில், பயணி தன் அன்றாட அடையாளங்களைக் கழற்றிவைத்து, உடன்வருவோரோடு படிநிலையற்ற ஒரு கூட்டுறவுக்குள் நுழைவதை விவரித்தார்கள். ஹார்வி வைட்ஹவுஸ் சமயச் சடங்குகளை இரண்டு வகையாகப் பிரிக்கிறார்: அடிக்கடி நடந்து, அமைதியாகக் கற்பித்து, பெருங்கூட்டத்தைக் கோட்பாட்டால் இணைப்பவை ஒருவகை, எப்போதாவது நடந்து, உடலையும் உணர்ச்சியையும் உலுக்கி, சிறு குழுவை நினைவால் பிணைப்பவை மறுவகை. ஞாயிறு திருப்பலி முதல்வகை. கடுஞ்சிலுவைப்பாதை, முதல்வகையிலேயே ஊறிய ஒரு திருச்சபைக்குள் இரண்டாம் வகையைக் கொண்டுவந்து நட்டிருக்கிறது.

வலி பற்றிய ஆய்வுகளில் குறிப்பிடத்தக்க ஒன்று தமிழரைப் பற்றியது. மொரீசியசில் தைப்பூசக் காவடி எடுக்கும் தமிழ் வம்சாவளியினரிடையே டிமிட்ரிஸ் சிகலட்டாஸ் குழுவினர் நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. கூட்டுப் பிரார்த்தனையில் மட்டும் கலந்துகொண்டவர்களைவிடக் காவடி எடுத்தவர்கள் அதிகமாக நன்கொடை தந்தார்கள். காவடியோடு உடன்நடந்து பார்த்தவர்களும் அதற்குக் குறையாமல் தந்தார்கள். உணர்ந்த வலி கூடக்கூடக் கொடையும் கூடியது. கடுஞ்சிலுவைப்பாதை பற்றிப் பேசுவோர் இத்தகைய முடிவுகளை எடுத்துக்காட்டத் தோன்றுவது இயல்பு. ஆனால் அப்படியே பொருத்துவது சரியாகாது. காவடியில் மேளமும் கூட்டமும் குடும்பத்தாரும் சூழ்ந்திருக்கிறார்கள். ஒருவர் வலி எல்லோர் கண்முன்னும் நிகழ்கிறது. போலந்து நடையில் வலி பார்வைக்கே வருவதில்லை. ஒரேயளவு துன்பம் என்றாலும், ஊரறியப் பட்டதும் ஒருவருமறியாமல் பட்டதும் மனத்தில் வெவ்வேறு வேலை செய்யக்கூடும்.

இரவு நடையில் மனத்தின் மறைப்புகள் நீங்கும்போது அருள் நுழையும் என்பது ஒன்று. பட்ட துன்பமே அருள் என்பது வேறு. இரண்டுக்கும் இடையிலுள்ள கோடு மெல்லியது, இந்த வழக்கத்தின் இறையியல் சிக்கலும் அங்கேதான். கத்தோலிக்கப் போதனையில் அருள் கூலியல்ல. 40 கிலோமீட்டர் நடந்ததற்காக மீட்பு கிடைப்பதில்லை. ஆனால் முட்டி வீங்கி விடியலில் வந்துசேரும் இருபது வயதுக்காரனுக்கு, தன் தாங்குதிறனும் தன் நம்பிக்கையும் ஒன்றேதான் என்று தோன்றுவது எளிது. 'ஆன்மாவின் இருண்ட இரவு' என்று பேசிய சிலுவையின் புனித யோவானைப் பலர் இங்கே துணைக்கு அழைக்கிறார்கள், பெரும்பாலும் தவறாக. அவர் சொன்ன இரவில் சிலிர்ப்பு இல்லை. செபத்தில் கிடைத்துவந்த இனிமையெல்லாம் வற்றிப்போவதே அந்த இரவு. சாகசமோ, மாறாக, உணர்ச்சியை அள்ளித் தருகிறது. வொய்த்திவா 1948இல் உரோமையில் முடித்த முனைவர் பட்ட ஆய்வு இந்தப் புனிதரின் நம்பிக்கைக் கோட்பாட்டைப் பற்றியதுதான். ஆற்றிலும் மலையிலும் மாணவரோடு அலைந்த அதே மனிதர், அனுபவத்தின் சுவையை நம்பிக்கை என்று எண்ணி மயங்கக்கூடாது என்பதையும் ஏட்டில் கற்றிருந்தார்.

ஆண்மை பற்றிய வாதம் அடுத்த சிக்கல். அமெரிக்க எழுத்தாளர் ஜான் எல்ட்ரெட்ஜின் 'வைல்ட் அட் ஹார்ட்' 2001இல் வெளிவந்து இலட்சக்கணக்கில் விற்றது. போராட்டமும் சாகசமும் ஆணின் இயல்பிலேயே இருக்கின்றன, திருச்சபை அவனைச் சாதுவாக்கிவிட்டது என்பது அதன் வாதம். நெதர்லாந்தில் தோன்றிய 'நான்காம் மஸ்கிடியர்' இயக்கம் இதே திசையில், ஆண்களை மலைக்கும் காட்டுக்கும் கூட்டிப்போய், அடுத்து என்ன வரும் என்று சொல்லாமலேயே உடலை வாட்டும் வார இறுதி முகாம்களை நடத்துகிறது. இத்தகைய முகாம்களுக்கு ஆதரவாகச் சொல்லக்கூடியது உண்டு. தனித்துப்போன ஆண்களுக்கு அவை நண்பர்களைத் தருகின்றன. ஆனால் சாகசத்தை ஆண்மையின் அடையாளமாக்கிவிட்டால், இருட்டைக் கண்டு அஞ்சுகிற, உடல் ஒத்துழைக்காத இளைஞனுக்குத் திருச்சபையில் என்ன இடம் என்ற கேள்வி எழுகிறது. கெத்சமனியில் சீடர்களால் ஒரு மணி நேரம்கூட விழித்திருக்க முடியவில்லை. அவர்கள் விலக்கப்படவும் இல்லை.

போலந்து வடிவத்துக்கும் டச்சு வடிவத்துக்கும் இடையே பொறுப்பு பற்றிய வேறுபாடும் பெரிது. அடுத்து என்ன என்பதை மறைத்துவைக்கும் முகாமில் கட்டுப்பாடு முழுவதும் நடத்துபவர் கையில். பங்கேற்பவர் அவரை நம்பி ஒப்படைக்கவேண்டும். கடுஞ்சிலுவைப்பாதையில் வரைபடம் முன்பே கையில் இருக்கிறது, எந்த வளைவிலும் திரும்பிப் போகலாம், தன் பொறுப்பில்தான் நடக்கிறேன் என்று ஒவ்வொருவரும் ஏற்கிறார். வளர்ந்தவர்களுக்கு இது நியாயமானது. 18 வயது நிரம்பாதவர்கள் பெரியவர் துணையோடுதான் வரலாம். தனிமனிதரின் ஈர்ப்பில் எழும் இயக்கங்களுக்கு, கட்டுப்பாடு யார் கையில் என்ற கேள்வி எப்போதும் முக்கியம். 2018 செப்டம்பரில் ஸ்ட்ரிச்செக் நடத்திவந்த அறநிறுவனத்தின் முன்னாள் ஊழியர்கள் சிலர், அவர் பணியாளரை அவமதித்து நடத்தியதாகப் புகார் கூறிய செய்திக்கட்டுரை வெளியானது. அவர் அதை மறுத்தார்; ஆயினும் நிறுவனத்தின் தலைமையிலிருந்து விலகினார். நடை நின்றுவிடவில்லை. பாதையை வகுத்துக் காப்பவர்கள் அந்தந்தப் பங்கின் தன்னார்வலர்கள் என்பதால், தொடங்கியவர் இல்லாமலும் அது ஓடக்கூடியதாக இருந்தது.

விடிந்தபின் நிகழ்வது குறைவு. பதினான்காம் நிலையில் விழா ஏதுமில்லை. வந்துசேர்ந்தவர்கள் கோயில் திண்ணையில் சற்று உட்கார்ந்து, முதல் பேருந்திலோ இரயிலிலோ ஊர் திரும்புகிறார்கள். உறுப்பினர் பதிவு, தொடர்வகுப்பு எதுவும் இந்த வழக்கத்தின் பகுதியல்ல. சிலரைப் 'புனித சூசையப்பரின் ஆண்கள்' போன்ற குழுக்கள் சேர்த்துக்கொள்கின்றன. பலர் அடுத்த தவக்காலத்தில்தான் மறுபடி தென்படுகிறார்கள். வைட்ஹவுசின் பகுப்பும் இதையே எதிர்பார்க்கச் சொல்கிறது: உலுக்கும் சடங்கு ஆழமாக நினைவில் பதியும், ஆனால் தானாக எதையும் கற்பிக்காது. நடத்துவோருக்கும் இது தெரிந்திருக்கவேண்டும். ஒவ்வோர் ஆண்டும் அவர்கள் பெரிதும் உழைப்பது பாதையில் மட்டுமல்ல, நிலைக்கு நிலை வாசிக்கவேண்டிய தியானங்களைப் புதிதாக எழுதுவதிலும்தான். வேலை, கடன், குடும்பச் சண்டை, தோல்வி என்று நடப்பவரின் அன்றாடத்தைத் தொட்டு அவை எழுதப்படுகின்றன. தலைவிளக்கின் வெளிச்சத்தில் உறைந்த விரல்களோடு படிக்கவேண்டியிருப்பதால் ஒவ்வொன்றும் ஒரு பக்கத்துக்கு மிஞ்சுவதில்லை.